நான்கு விரல்

கினகோவுக்கு இடது கண் முதலில் போனது.
புடைத்து, பளபளத்து,
ஊறிய மிளகு ஒன்று
தோலைவிட்டு வெளியேறப் பார்ப்பதுபோல.
கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர் நெமோத்தோ.
இந்தக் குள்ள ஹாம்ஸ்டர்களுக்கு வருவதுதானாம்.
எடுத்துவிட்டார்கள்.
முப்பத்தெட்டு கிராம் உடம்பில்
ஒரு கண் எவ்வளவு இருக்கும்?
சமையல் தராசில் வித்தியாசம் தெரியவில்லை.

வலது கண்ணில் வெண்மை படர்ந்தபோது
ஹகோதாத்தேயில் முதல் பனி.
"இதுக்கும் எல்லாம் வெள்ளையாத்தான் தெரியுமா?"
இபுகி கேட்டாள்.
தெரியாது என்றேன்.
அதைச் சொல்லப் பழக எனக்கு
நாற்பத்தோரு வயதாகியிருந்தது.

டாக்டர் சொன்னது ஒன்றுதான்:
கூண்டுக்குள் எதையும் நகர்த்தாதீர்கள்,
மீசையால் படித்து வைத்திருக்கிறது.

சரி. ஆனால் கூண்டுகள் இரண்டு.
வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு வரை
யுனோகாவாவில் என்னிடம்,
மற்ற நாளெல்லாம் மலையடிவாரத்தில் மதோகாவிடம்.
நடுவே டிராமில் அரைமணி நேரம்:
துணி சுற்றிய பெட்டிக்குள் கினகோ,
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
மூச்சுக்கூட மெதுவாக விடும் இபுகி.

அந்த வெள்ளிக்கிழமை
இல்லாத சக்கரத்தில் ஏறப் போய்
தண்ணீர்க் குழாயில் முட்டிக்கொண்டது.
திரும்பிப் போனது. வந்தது. முட்டியது.
அங்கே சக்கரம் இருக்கிற இடம்
இங்கே குழாய்.

குழந்தை தூங்கியபின் மதோகாவை அழைத்தேன்.
எட்டு மாதமாக நாங்கள் பேசியதெல்லாம்
இபுகியின் பையில் போய்வந்த துண்டுச் சீட்டுகள்.
"சக்கரத்துக்கும் சுவருக்கும் எத்தனை விரல்?"
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, தூரத்தில், கூண்டுக் கதவு திறக்கும் சத்தம்.
"நாலு. என் விரல்."

என் விரலுக்கு மூன்றரை.
யோசிக்கவே இல்லை, கை போட்ட கணக்கு.

கிண்ணம்? தீப்பெட்டி நீளம் தள்ளி.
மர வீட்டு வாசல்? ஜன்னலைப் பார்த்து.
எந்த ஜன்னல்?
ஓ, உன் பக்கம் ஜன்னல் வேற திசை, இல்லையா.
ஒவ்வொன்றாக நகர்த்தினேன்,
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு.
"வாசனை வேறயா இருக்கும்," என்றாள்.
"அடுத்த வாரம் இங்கேருந்து
ஒரு பிடி மரத்தூள் தர்றேன்."

பன்னிரண்டுக்குக் கினகோ வெளியே வந்தது.
கடலில் கணவாய்ப் படகுகள்
கண் கூசும் விளக்குகளோடு நின்றன.
அதற்கு அது ஒரு பொருட்டில்லை.
நின்றது. முகர்ந்தது.
ஒரு காலைத் தூக்கி வைத்துப் பார்த்தது.

பிறகு சக்கரம் கடகடவென்று.

"கேக்குதா?"
"கேக்குது."
வெகுநேரம் இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.
"காலை ஏழு மணிக்குச் சொட்டு மருந்து,
மறந்துடாதே," என்று
வைத்துவிட்டாள்.