உறுப்பினர் எண் 1146

வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்
லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தில்
என் டீக்கடைக்கு ராத்திரி கிடையாது.
சீலுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள்
நாமக்கல் பேச்சும் நெல்லூர் பேச்சுமாய்
காலி கிளாஸைத் திருப்பித் தரும் நேரம்
சசீந்திரன் சைக்கிளில் வருவான்.
தோளில் பை, பைக்குள் சின்ன மிஷின்.
தினம் நூறு.
மழை பெய்தாலும் நூறு,
மகன் காய்ச்சலில் கிடந்தாலும் நூறு.
மிஷின் நாக்கை நீட்டி ஒரு சீட்டுத் தரும்.
அந்த மை வெயில் பட்டால் அழியும் என்று
அப்போது யாரும் சொல்லவில்லை.

ஜி.எஸ்.டி. வந்த பிறகு
சாவடி விளக்கு அணைந்தது.
லாரிகள் ஹாரன்கூட அடிக்காமல் போயின.
கடையை மூடிக் கூட்டிப் பார்த்தேன்:
இரண்டு லட்சத்து அறுபதாயிரம்.
"அஞ்சு வருசம் போட்டு வை சேச்சி,
நாலு லட்சமாகும். பேடிக்கண்டா" என்றான்.
பச்சைத் தாளில் எல்லாம் மலையாளம்,
என் கையெழுத்து மட்டும் தமிழ்.

முதிர்ந்த நாளில் போய் நின்றேன்.
நாளெ வா.
ஓணம் கழியட்டே. கழிந்தது.
தணிக்கை கழியட்டே. அதுவும் கழிந்தது.
ஒருநாள் போனபோது
மேனேஜர் தலைக்கு மேல் ஃபேன் இல்லை.
மறுவாரம் மேனேஜர் இல்லை.

ஜெராக்ஸ் கடை ஷஹர்பானு சொன்னாள்:
பாலக்காட்டில் நுகர்வோர் ஆணையம் இருக்கு,
வக்கீல் கட்டாயமில்லை,
உன் தொகைக்குக் கட்டணமும் இல்லை.
நான் தமிழில் சொல்லச் சொல்ல
அவள் மலையாளத்தில் எழுதினாள்.
"வயிறு எரியுது" என்றதை மட்டும்
"மன உளைச்சல்" என்று மாற்றிவிட்டாள்.
அதற்குத்தான் நஷ்டஈடு உண்டாம்.

சங்கத்து வக்கீல் எழுந்தார்.
இவர் நுகர்வோரே அல்ல, உறுப்பினர்.
உறுப்பினர் தகராறுக்கு இடம் வேறு.

ஆமாம் சார், உறுப்பினர்தான்.
பத்து ரூபாய்ப் பங்கு, எண் 1146.
பொதுக்குழுவுக்கு ஒருதரம் போனேன்,
ஒரு லட்டு, ஒரு துணிப்பை.
லட்டைத் தின்றது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.
நாலு லட்சத்தைத் தின்றது எந்த உறுப்பினர்?

தலைவர் அம்மா குனிந்து எதையோ எழுதினார்.
உதடு மட்டும் அசைந்தது போலிருந்தது.

வெளியே பெஞ்சின் கடைசியில்
அதே பை, அதே தோள்: சசீந்திரன்.
மூன்று வருசமாய்ச் சேர்த்த வசவு
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
அவன் கையிலும் ஒரு பச்சைத் தாள்.
மகளின் நர்சிங் படிப்புக்கு வைத்தது,
என் வழக்குக்கு அடுத்த வழக்கு.
திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் நான் எடுத்தேன்:
ரெண்டு கொழிஞ்சாம்பாறை.
சித்தூர் தாண்டும்வரை
இருவரும் தென்னந்தோப்புகளையே பார்த்தோம்.

உத்தரவு வந்தது.
நாலு லட்சம், முதிர்ந்த நாளிலிருந்து ஒன்பது சதவீதம்,
செலவுக்கு ஐயாயிரம்,
நாற்பத்தைந்து நாளுக்குள்.
பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரை கொடுத்தேன்.

நாற்பத்தாறாம் நாள் எதுவும் வரவில்லை.
நான் அனுப்பிய பதிவுத் தபால்தான் வந்தது,
"கதவு பூட்டு" என்று முதுகில் எழுதி.
தீர்ப்பு வேறு, பணம் வேறு போல.
நடுவில் இன்னொரு மனு இருக்கிறது:
நிறைவேற்றக் கேட்கும் மனு.
தராவிட்டால் ஜெயில்கூட உண்டு என்கிறாள் ஷஹர்பானு.
அவர்கள் உள்ளே போய் எனக்கென்ன,
பணம் வெளியே வரட்டும்.

மனு எண் விழுந்த ராத்திரி
தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்.
நாலு லட்சத்துக்கு ஒன்பது சதவீதம்
ஒரு நாளைக்குத்
தொண்ணூற்றெட்டு ரூபாய் அறுபத்து மூன்று பைசா.
அன்று நான் கட்டிய நூறுக்கு
ஒன்று முப்பத்தேழுதான் குறைவு.

பாஸ்புக்கில் இன்னும் வெற்றுப் பக்கங்கள் உண்டு.
கடை அடைக்கும் நேரம் வந்ததும் எடுக்கிறேன்,
இப்போது கடை இல்லாவிட்டாலும்.
தேதி, தொகை, கையெழுத்து.
இன்றைக்கும் எழுதியாயிற்று,
வெயிலுக்கு அழியாத பேனாவில்.