மூன்றாம் எதிரி

ரேஷன் கார்டில்தான் நான் சொரிமுத்து.
ஏழு வருடமாகக் கோர்ட்டுக் காகிதத்தில்
மூன்றாம் எதிரி.
யாருக்கு எதிரி என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

களக்காட்டுக்கு மேற்கே
கால்வாய் ஒடிந்து வாழைக்குள் நுழைகிற இடம்.
ராத்திரி பத்தே கால்.
வண்டி என்னுடையது, ஓட்டியதும் நான்.
பின்னால் வேலாண்டி. அவன் முதுகோடு ஒட்டி எபனேசர்.
தார் போட்ட வகையில் மாசானமுத்து தரவேண்டியது
பதினோராயிரத்துச் சொச்சம்.
"பேசிட்டு வந்துருவோம்வே."
அப்படித்தான் கிளம்பினோம்.
வேலாண்டி இடுப்பில் குலைவெட்டும் கத்தி இருந்தது.
வாழைக்காரன் இடுப்பில் வேறென்ன இருக்கும்?

போனது மூன்று பேர்.
போனது எத்தனை எண்ணம்
என்பதுதான் வழக்கு.

முப்பத்துநாலாம் பிரிவு
தனியாக யாரையும் தண்டிக்காது என்றார்
பாளையங்கோட்டை வக்கீல்.
முந்நூற்றிரண்டின் வேட்டியில்
நாயுருவி மாதிரி ஒட்டிக்கொண்டு வருமாம்.
வெட்டியவன் ஒருத்தன்.
கூட நின்றவன் மனசும் அதே கத்தியைப் பிடித்திருந்தால்
அவனும் வெட்டியவன்.
மனசை எப்படிப் பார்ப்பார்கள் என்றேன்.
கையைப் பார்ப்பார்கள் என்றார்.

மதுரைக் கிளையின் தீர்ப்பு, நாற்பத்தாறு பக்கம்.
முதல் எதிரி அப்பீல் கிடக்கும்போதே
மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான்.
அவனளவில் வழக்கு அற்றுப்போனது.
இரண்டாம் எதிரி
இறந்தவரைக் கக்கத்தில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார்.
மோட்டார் ரூமிலிருந்து இரண்டாம் சாட்சி பார்த்திருக்கிறார்,
பைக் வெளிச்சத்தில், தெளிவாக.
ஆயுள் உறுதி.
மூன்றாம் எதிரி வண்டியைவிட்டு இறங்கவில்லை.
இருட்டில் விளக்கு எரிவது இயல்பு.
பொதுக்கருத்து மெய்ப்பிக்கப்படவில்லை.
விடுதலை.

ஆமாம், நான் இறங்கவில்லை.

"கண்ணு தெரியலலே" என்றான் வேலாண்டி.
டிம்மில் கிடந்த லைட்டைப் பிரைட்டுக்குத் தள்ளியது
என் இடது கட்டைவிரல்.
அந்த வெளிச்சத்தில்தான் சாட்சி பார்த்தார்
எபனேசரின் கைகளை.
"விடுலே, செத்துருவான்" என்று கத்திக்கொண்டு
அவன் மாசானத்தைப் பின்னால் இழுத்தான்.
அது சாட்சிக்குக் கேட்கவில்லை.
ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தது
என் வலது மணிக்கட்டு.
இடது கை முதல் எதிரி, வலது கை இரண்டாம் எதிரி.
இரண்டுக்கும் பொதுக்கருத்து உண்டா என்று
எந்தப் பெஞ்சும் விசாரிக்கவில்லை.

செஷன்ஸில் ஜட்ஜ் கேட்ட
முப்பத்தொன்பது கேள்விக்கும்
"தெரியாது", "பொய்", இந்த இரண்டே பதில்.
வாயைத் திறந்தால் அங்கே இருந்ததாக ஆகிவிடும்
என்று வக்கீல் சொல்லியிருந்தார்.
எபனேசரும் அதையேதான் சொன்னான்.
அவனுக்கும் அதே வக்கீல்.

வெளியே வந்த அன்றைக்குக் காலை
என் வாளியையும் மிச்ச சோப்பையும்
அவன் வாங்கி வைத்துக்கொண்டான்.
"நான் கத்துனது ஒனக்குக் கேட்டுச்சாலே?"
குறுக்கு விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி.
"வண்டிச் சத்தம்" என்றேன்.
தலையாட்டினான்.
நம்பினானா, தெரியாது.
இந்தத் தெரியாது மட்டும் நிஜம்.

களக்காடு ஸ்டேஷன் பின்பக்கம்
கோவைக்கொடி ஏறிக் கிடந்தது
சான்றுப்பொருள் நான்கு.
டயர் இரண்டும் மண்ணோடு மண்.
சுவிட்ச் இன்னும் பிரைட்டிலேயே நின்றது.
"பேட்டரி செத்துட்டுவே, எரியாது" என்றார் ஏட்டு,
மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.
சொரிமுத்து என்றுதான் போட்டேன்.
நாங்குநேரி ரோடு வரைக்கும்
தள்ளிக்கொண்டே வந்தேன்.