இருமை

பெயர்ப்பலகையில் எங்கள் ஊருக்கு நான்கு வரி:
உகோவிட்சா, உக்கோவிட்ஸ், உக்வே, உகோவீசே.
பனி தள்ளும் வண்டி மோதியதில் கம்பம் சாய்ந்து
நான்கும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கின்றன.

எங்கள் ஊர் என்று சொல்லிவிட்டேன்.
நான் தெற்கே கலாப்ரியாக்காரி.
மாட்டு வைத்தியம். வந்து ஆறு வருஷம்.

முதல் குளிர்காலத்தில்
பாதி ராத்திரி, ஒரு கன்றின் முன்னங்கால் மடங்கிக்கொண்டது.
தோள்வரை கையை உள்ளே விட்டபடி
"கால்தோ, கால்தோ" என்று கத்தினேன்.
எனக்கு அது சூடு.
டார்ச்சோடு நின்ற பையன் வீட்டில் ஜெர்மன்;
தூக்கக் கலக்கத்தில் அவன் காதுக்கு அது குளிர்.
ஓடைப் பனியை உடைத்து
ஒரு வாளி நிறைய மொண்டுவந்தான்.
கன்று விழுந்தது. மூச்சில்லை.
வேறொன்றும் கையில் இல்லாததால்
வாளியை அதன் தலையில் கவிழ்த்தேன்.
தும்மியது.
இப்போது அது இரண்டு ஈன்றாயிற்று.
அந்த வீட்டில் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள்.
நான் மறுப்பதில்லை.

மாடுகளுக்கும் வீட்டுப் பாஷை உண்டு.
மேனி விற்ற செவலைப் பசு
ஃப்ரியூலியனில் சொன்னால்தான் நகரும்.
வாங்கியவர்கள் ஸ்லோவீனில் கெஞ்சி,
ஜெர்மனில் திட்டி,
கடைசியில் மேனிக்கே போன் போட்டு
அதன் காதருகே பிடித்தார்கள்.

விலையை என்னிடம் இத்தாலியனில் பேசுவார்கள்.
தீவனத்தில் பூசணம் இருந்ததை
ஸ்லோவீனில்தான் ஒப்புக்கொள்வார்கள்,
அதுவும் என்னிடம் அல்ல, சுவரிடம்.
அதற்காகத்தான் படிக்கப் போனேன்.

ஆனால் இடம் ஒன்று பிடித்தால் இடம் ஒன்று போகிறது.
ஞாயிறு அம்மாவோடு போனில் பேசும்போது
வாளிக்குச் சொல் வரவில்லை.
மூன்று மொழியில் வந்தது, அவள் மொழியில் இல்லை.
"தண்ணி மொள்ளுவோமே, அது" என்றேன்.
சிரித்தாள். பிறகு
யாரோ டாக்டரம்மாவிடம் பேசுவதுபோல
ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகப் பேசத் தொடங்கினாள்.
அதை இன்னும் நிறுத்தவில்லை.

ஸ்லோவீனுக்குச் செவ்வாய்க்கிழமை வகுப்பு.
ஒருமையும் பன்மையும் போதாதென்று
நடுவில் ஓர் இருமை.
இரண்டு பேருக்கென்று தனி வினை.
நான் மட்டும் போனால், க்ரேம்.
நாம் இருவரும் என்றால், க்ரேவா.
மூன்றாம் ஆள் சேர்ந்தால்தான் க்ரேமோ.
தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு
எதற்கு இந்த ஆடம்பரம் என்று தோன்றியது.
மார்க் எல்லாம் அங்கேதான் போகும்.

ரூடி மோஷிட்ஸின் மனைவி ஹெர்மினா இறந்த பிறகும்
தொழுவத்தில் அவர் பேச்சு இருமையிலேயே நடந்தது.
கறந்து முடித்து, கதவை உதைத்துத் திறந்து,
"க்ரேவா" என்பார்.
வாய்ப் பழக்கம் என்று நினைத்தேன், பாவம் என்றும்.
நாலைந்து தடவை கேட்ட பின்தான் கண்ணில் பட்டது:
அதற்குள் லிஸ்கா எழுந்து
வாசலுக்கு நடந்திருக்கும்.

மார்ச்சில் ஒருநாள் லிஸ்கா எழவில்லை.
பதினாறு வயசு. இடுப்பு விட்டுப்போயிற்று.
அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ள, நான் ஊசி போட்டேன்.
அதன் காது கடைசியாக ஒரு ஈயை விரட்டியது.
அவர் எழுந்தார்.
தொப்பியிலிருந்த வைக்கோலைத் தட்டினார்.
வெளிச்சத்தின் பக்கம் திரும்பி,
"க்ரேம்" என்றார்.

அவ்வளவுதான்.
கடைசியில் ஓர் ஓசை குறைந்திருந்தது.

வந்த வருஷமே இது நடந்திருந்தால்
ஏதோ முணுமுணுக்கிறார் என்று
பெட்டியை மூடிக்கொண்டு போயிருப்பேன்,
வழியில் காபிகூடக் குடித்திருப்பேன்.
ஆறுதல் சொல்ல எனக்கு நான்கு மொழி தெரியும்.
காலி சிரிஞ்சைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அடுத்த செவ்வாய், தேர்வு.
கோடிட்ட இடம் நிரப்புக:
நீயும் நானும் வீட்டுக்கு ———.
விடை தெரியும், முதல்முறையாக, சந்தேகமே இல்லாமல்.
பேனாவைக் கோட்டின்மேல் வைத்துச்
சற்று நேரம் இருந்துவிட்டு
அடுத்த கேள்விக்குப் போனேன்.