பூச்சிய மீற்றர்

புறப்படுவதற்கு முந்தின இரவு
எல்லோரையும் டச்பே கரைக்கு வரச் சொல்லுவேன்.
பதினொரு பேர், நாலு கூடாரம், ஒரு காஸ் அடுப்பு.
மலையில் செய்யப்போகும் பிழைகளை
முதலில் மணலில் செய்து பாருங்கள் என்பேன்.

செய்கிறார்கள்.
மின்சார சபை லிகோரி கம்பிகளை மாறிக் கோத்து
கவிழ்த்த வள்ளம்போல ஒன்றை நிறுத்தியிருக்கிறார்.
பல் டொக்டர் சுகிர்தா
மூன்று சோடிச் சப்பாத்தோடு வந்திருக்கிறா.
இரண்டைத் திருப்பி அனுப்பினேன்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
பாண் பையை மோந்துவிட்டுக்
கூடாரக் கயிற்றைச் சப்பத் தொடங்கியது.
கத்தாதீர்கள், இதுவும் பயிற்சிதான்.
மேலே மரை வரும். அது இன்னும் பெரிசு.

இருபத்திரண்டாவது தடவையாகக் கூட்டிப்போகிறேன்.
அட்டைக்கென்று நிலாவெளிக் கல்லுப்பைப்
பழைய காலுறையில் கட்டி
ஆளுக்கொரு முடிச்சுக் கொடுத்தாயிற்று.
மெதுவாக நடப்பவர் முன்னால்,
கெட்டிக்காரர் கடைசியில்,
யாருக்கும் யாரும் காத்திருக்கும் கதை இல்லை.
ரத்தோட்டை தாண்டினால் காதடைக்கும்,
எச்சில் விழுங்குங்கள்.
முகில் வந்து மூடினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள்,
உங்கள் பெயரை நான் கூப்பிடுவேன்,
நீங்கள் என் பெயரைக் கூப்பிட வேண்டாம்,
எனக்குக் குழம்பும்.

நாளைக்கு முன்னால் நடக்கப்போகிறவர் இன்பநாயகம்.
துறைமுகத்தில் முப்பத்தொரு வருசம்,
இழுவைப் படகு, ஒரு முழங்காலில் வீக்கம்.
அவர்தான் கேட்டார்:
எவ்வளவு உயரம் பிள்ளை?
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் மீற்றர்.
எதிலயிருந்து?
கடல் மட்டத்திலயிருந்து.
அவர் எழும்பிப்போய்
அலை நனைக்கும் இடத்தில் நின்றுகொண்டு திரும்பினார்.
வத்திலயோ, பெருக்கிலயோ?

இருபத்தொரு தடவை ஏறியவள் நான்.
பதில் தெரியவில்லை.
வத்துக்கும் பெருக்குக்கும் நடுவில்
ஒன்றரை முழம் இருக்கு என்றார்,
அவருக்கு அது
தன் கைவிரல் நீளம் மாதிரி மனப்பாடம்.
அந்த ஒன்றரை முழத்தை
நான் எங்கே ஏறினேன், எங்கே விட்டேன்?

மூதூர் றிஸ்மியாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
நீங்கள் ஏன் கஷ்டப்பட்டு அங்க போறீங்க,
அது ஒவ்வொரு மாரிக்கும் எங்கட வாசலுக்கு வருது.
தெற்கே கை காட்டினாள், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.
மகாவலி கொண்டுவந்து கொட்டும் கலங்கல் முழுக்க
மலைதான் அக்கா,
வாப்பாட வலையில ஒரு தரம்
தேயிலைக் கொழுந்துக் கூடை ஒண்டு வந்தது.
பிறகு கொஞ்ச நேரம்
ஒருவரும் கதைக்கவில்லை.
ரின் மீனும் பாணும் தீர்ந்திருந்தது.

பொலிஸ் இரண்டு தரம்
டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது.
இரண்டு மணிபோல் காற்று மாறி
லிகோரியின் வள்ளம் அவர் மேலேயே கவிழ்ந்தது.
உள்ளிருந்து
யேசுவே என்று ஒரு குரல்,
பிறகு மனைவிக்குப் போன் எடுக்கும் வெளிச்சம்.
சுகிர்தா நித்திரை கொள்ளவில்லை.
சப்பாத்தைப் போட்டுக்கொண்டே படுத்திருந்தா.
காலைப் பழக்குறன் என்றா.
ஏன் வருகிறாய் என்று
நான் யாரையும் கேட்பதில்லை.
மூன்றாம் நாள், ஒற்றையடிப் பாதையில்,
முன்னால் போகும் முதுகுக்குத்தான்
எல்லோரும் அதைச் சொல்வார்கள்.

விடிய இன்பநாயகத்தைக் காணவில்லை.
முழங்கால் பயந்துவிட்டது என்று நினைத்தேன்.
பெயர்ப் பட்டியலில் கோடு போடப் பேனையும் எடுத்தேன்.
அவர் கரையில் குந்தியிருந்தார்.
இரவு தண்ணீர் விளிம்பில்
ஒரு சவுக்கம் குச்சியை நட்டுவைத்திருக்கிறார்.
இப்போது அது
அலைக்குள் தள்ளி நின்றது, தலை மட்டும் தெரிய.

வான் ஹோர்ன் அடித்தது.
அவர் சாரத்தை உதறிக்கொண்டு எழும்பினார்.
ராவோட ராவா
மலை இவ்வளவு பதிஞ்சிட்டுது பிள்ளை,
இனி ஏறலாம்.

உங்கட தொப்பி எங்க என்று கேட்டேன்.