காலி வண்டி எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
எனக்கு இரவு ஷிப்ட்.
பத்து மணிக்கு மேல் வருவது
தேங்காய் லோடு, வைக்கோல், எப்போதாவது எருமை.
இடைவெளியில் காதில் ஒரு வயர்,
வயருக்குள் ஒரு பிரெஞ்சுக்காரி.
ஏன் பிரெஞ்சு என்று கேட்காதீர்கள்,
ஆப்பைத் திறந்ததும் அவள்தான் முன்னால் நின்றாள்.

நேற்றைய பாடம்:
உன் பெயரை எழுத்து எழுத்தாய்ச் சொல்.
மயிலாத்தாள்.
எம், ஆ, அப்புறம் அந்தக்
கவட்டை எழுத்து, உண்டிவில்லுக்கு ஒடித்தது மாதிரி.
‘ஈ கிரெக்’ என்றாள்.
கிரேக்க இ.

ரோமாபுரிக்குள் அது வந்து
இரண்டாயிரம் வருஷம் ஆகிறதாம்.
இன்னும் ஊர்ப்பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.
வரிசையின் கடைசியில், ஸெட்டுக்கு முன்னால்,
வாசலோரமாய் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

தத்தமங்கலத்தில் நான் வாக்கப்பட்டுப் பதினோரு வருஷம்.
ரேஷன் கார்டில் பேர் ஏறிவிட்டது.
பக்கத்து வீட்டு வத்ஸலா
சர்க்கரை கடன் கேட்கும்போதும்
‘பாண்டிக்காரி’ என்றுதான் மதிலைத் தட்டுகிறாள்.
கிணத்துக்கடவுக்குப் போனால்
‘மலையாளத்துக்காரி வந்தாச்சு’ என்று
கதவைத் திறக்கிறாள் அண்ணி.

அப்புறம் பிரெஞ்சுக்காரியை நிறுத்திவிட்டு
ஒவ்வொரு பாஷையாய்த் தட்டிப் பார்த்தேன்.
ஜெர்மன்காரன் கிரேக்கப் பேரையே
கயிறு அவிழ்க்காமல் இறக்கிக்கொண்டான்: இப்சிலான்.
வெறும் உ என்று அர்த்தமாம்.
பில்லின் உச்சியில் நான் போடும் சுழியைக்
குனிந்து ஒரு தடவை பார்த்தேன்.
போலந்தில் இ-யும் கிரேக்கமும் ஒட்டிக்கொண்டு இக்ரெக்.
வாய்க்குள் ஒரு தேசம் இருப்பது
சொல்கிறவனுக்கே ஞாபகமிருக்காது.
(வத்ஸலாவுக்கும் இப்படி நாக்கு ஒருநாள் குழறினால் நல்லது.)
ரஷ்யாவில் அந்த எழுத்தே கிடையாது,
கணக்கு வகுப்புக்கு மட்டும் வந்துபோகும்.
ஸ்பெயினில் பெரியவர்கள் கூடி
கெசட்டில் மாற்றுவதுபோல் மாற்றினார்கள்,
இனி ‘யே’ என்று.
இங்கிலீஷ் ‘வை’ எந்த வழியாய் வந்தது,
அடித்துச் சொல்ல ஆளில்லை.
பேப்பர் இல்லாத வண்டி.
நமக்கோ வை என்றால்
இறக்கி வை.

நாம் மட்டும் என்ன,
ஜாதிக்காய் மூட்டைக்கு ஜ எழுதும்போதெல்லாம்
அதை வடவெழுத்து என்ற தமிழய்யா குரல் கேட்கும்.
எத்தனை நூறு வருஷமாய்
நம் வீட்டில் சாப்பிடுகிறது அது.

இரண்டே முக்காலுக்கு ஒரு லாரி.
மேடையில் ஏறியதும் சிவப்பு எண்கள்
நடுங்கி, நின்றன.
பாலக்காட்டு ஆபீசுக்கு போன்.
‘நம்பர் பற’ என்றார் அவுசேப்பு, தூக்கக் கலக்கத்தில்.
டி என் நாற்பத்தொன்று,
ஈ கிரெக்,
எழுபத்துமூணு பூஜ்யம் ஆறு.

‘எந்தா? ஈ...?’
கிரேக்கத்து இ, என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.
அந்தப் பக்கம் பேனா நின்றது.
‘அது பாண்டி வண்டியல்லே?’

சிரித்ததில் அடுத்த பில்லின் சுழி கோணிவிட்டது.

மொத்த எடை பதினெட்டு டன் சில்லறை.
லோடு இறக்கி விடியலில் திரும்புவான்,
அப்போதுதான் காலி வண்டி எடை.
கழித்தால் சரக்கு.

அந்த எழுத்தின் பழைய சத்தம்,
உதட்டைக் குவித்து இ சொன்னால் வருமே அது,
பாதி வழியிலேயே இறங்கிவிட்டது.
டென்மார்க் பக்கம் கொஞ்சம் மிச்சமாம்.
வண்டி ஓடுகிறது, பலகையில் அதே ஊர்ப்பேர்.

லாரி போனபின் யாரும் இல்லை.
நானே மேடையில் ஏறி நின்றேன்.
இருபது இருபது கிலோவாய்த்தான் காட்டும் இயந்திரம்.
உள்ளே எட்டி, கண்ணாடி வழியாய்ப் படித்தேன்:
அறுபது.
செருப்பும் காது வயரும் சேர்த்து.