முன்னூறு கோடிக்குச் சற்றுக் குறைய

தெலாவிக்கு மேலே, ஆலங்கட்டி ஆய்வு நிலையத்தில்
எனக்குக் கொடுத்த வேலை
வகுத்தல்.

சியாலா மாக்ராட்ஸே, நான் பார்த்திராதவள்,
அறுபத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில்
செப்பு வளையத்துக்குள் விழுந்த மழைத்துளிகளை
ஒவ்வொன்றாகக் கவனித்து
ஊசி எவ்வளவு அசைந்தது என்று குறித்திருக்கிறாள்.
ஊதா மை. பழைய அலகு.
அதன் பெயரை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடியே
எழுபத்தொன்பது லட்சத்துச் சொச்சம் சேர்ந்தால்தான்
ஒரு கூலும்.
ஒளியின் வேகத்தில் வரும் அதே இலக்கங்கள்.
ஏன் என்று பத்ரி ஒருமுறை விளக்கினான்.
நான் தேநீர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துளி நாற்பத்தாறு: 0.03.
வகுத்தால் பத்து பைக்கோகூலும்.
எலக்ட்ரான்களாக எண்ணினால் ஆறு கோடியே இருபது லட்சம்.
பதினாறு ஜார்ஜியாவின் ஜனங்கள்
ஒரே துளியில் தொங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

அப்படி ஒன்றரை லட்சம் கோடித் துளிகள் கூடினால்
அலசானிப் பள்ளத்தாக்கில் ஒரு மின்னல்,
பதினைந்து கூலும் என்று வையுங்கள்.
என் கைப்பேசியின் பேட்டரியில்
நாலாயிரம் மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்திருக்கிறது.
மூன்று புள்ளி ஆறால் பெருக்கினேன்:
பதினாலாயிரத்து நானூறு.
தொள்ளாயிரத்து அறுபது மின்னல் என் கோட்டுப் பையில்!
சாயங்காலத்துக்குள் செத்துப்போகிறது.
"அளவு வேறு, அழுத்தம் வேறு" என்றான் பத்ரி.
தெரியும்.
ஆனாலும் பையின் மேல் கை வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, வரைபடத்தில்
ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தை விட்டு
உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது.
ஒரு நானோகூலும்.
மற்றதைப் போல் நூறு மடங்கு.
பத்ரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.
கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டான்,
நோட்டைப் பிரிக்கும் வரை.

ஜூன் பதினேழு. ஓரத்தில்
சரிவாக ஒரு "ஷோ", பக்கத்தில் 3.

ஷோதி.
மூன்று ரொட்டி.
வேலை முடிந்து போகிற வழியில் வாங்க.

சியாலா வீட்டு இரவுச் சாப்பாட்டை
நான் கூலுமாக மாற்றியிருக்கிறேன்,
நாலு தசமம் சுத்தமாக.
பத்ரி சிரிக்கவில்லை.
தேநீர் போடப் போய்
அடுப்பங்கரையில் சிரித்தான், எனக்குக் கேட்டது.

ரொட்டியை நீக்கினேன்.
அதற்கு அடுத்த வரிதான் இன்னும் நகரவில்லை.
துளி நாற்பத்தேழு, 0.02,
முன்னால் ஒரு மெல்லிய கீற்று.
கழித்தல் குறியா,
சாரல் பட்டு மை இழுத்துக்கொண்டதா?
எதால் வகுத்தாலும் குறி மாறாது.
பழைய அலகில் கேட்டேன், புதிய அலகில் கேட்டேன்.
எந்தக் கட்சி என்று
அந்தத் துளி சொல்வதாக இல்லை.

வெளியே திராட்சைக் கொடிகள் மேல்
ஆட்கள் வலையை இழுத்துக் கட்டுகிறார்கள்.
தகரக் கூரையில் முதல் தட்டு.
ரொட்டி வாங்கப் போன பத்ரி
இன்னும் வரவில்லை.