கையெழுத்துப் போட்ட பிறகு

சொல்ல மாட்டேன் என்று
மூன்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
தமிழில்தான்.
ப. ரெமிஜியஸ், குளிர்பதன மெக்கானிக், அக்காள்மடம்.
ஆகவே இதை யாரிடமும் சொல்லவில்லை.

குருசடைக்கு வெளியே எட்டுப் பாகம் ஆழத்தில்
ஒரு வாரமாக வெள்ளையாய் நின்றதே,
கல்யாண மண்டபம் மிதந்து வந்துவிட்டது என்று
ஏலக்கூடத்தில் பேசிக்கொண்டார்களே,
அதற்குள் நான் போகவில்லை.
செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்லவில்லை.
காலுக்கு வெள்ளைத் துணியுறை தரவில்லை.
என் ஸ்பானர் பெட்டிக்கு அடியில்
என் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு விரித்ததைவிட
மெத்தென்ற துண்டு ஒன்றை விரிக்கவில்லை.

கடலுக்கு நடுவே ஒரு குளம்.
கடலை உறிஞ்சி, உப்பை எடுத்து, இளஞ்சூடாக்கி,
உடம்புக்கு நல்லதென்று மறுபடி கொஞ்சம் உப்புப் போட்டு
நிரப்பி வைத்த குளம்.
பொத்தானை அழுத்தினால் அதன் தரை எழும்பி
ஆடுவதற்கு மேடையாகும்.
டான்டே அழுத்திக் காட்டினார்.
(காட்டவில்லை.)
டான்டே இரண்டாம் இஞ்சினியர், பிலிப்பைன்ஸ்காரர்.
எனக்கும் அவருக்கும் பொதுவாக
நாற்பது இங்கிலீஷ் வார்த்தை இருந்தது,
அதில் முப்பது கம்ப்ரசரின் உறுப்புகள்.

பழுதானது பூ அறை.
ஆமாம், பூவுக்கென்று ஓர் அறை. நாலு டிகிரி.
மண்டபம் ஐஸ் பிளான்ட்டில்
மூன்று டன் சீலாவைக் காப்பாற்றுகிற மெஷினுக்குத் தம்பி
இங்கே லில்லிக்குக் காவல் இருக்கிறான்.
இருபத்தாறு டிகிரி ஆகிவிட்டது.
பூக்கள் குடி முடிந்த மைத்துனர்களைப் போல
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.
ஜெர்மனியிலிருந்து ஆள் வர நாலு நாளாகுமாம்.

யாருக்கு இந்தப் பூ?
முதலாளிக்கு.
முதலாளி எங்கே?
டான்டே தோளைத் தூக்கினார்.
நாலு வருஷத்தில் இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.
அதில் ஒரு தடவை முதுகை.
மேல் தளத்துக் கட்டிலில்
தினமும் விரிப்பை மாற்றி, கட்டிலின் மேலேயே
இஸ்திரி போடுகிறாள் ஒரு பெண்.
நேற்று யாரும் படுக்கவில்லை. முந்தாநாளும்.
கசங்காததைக் கசங்காமல் வைக்க
இருபத்தெட்டுப் பேர்.

பேராவது?
ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு மேலே இன்னொன்று.
அதற்கும் மேலே எங்கோ ஒரு தீவில் ஒரு தபால் பெட்டி.
எங்கள் வல்லங்களில்
முதலாளி பேர், மகள் பேர், மாதா பேர்
எல்லாம் அணியத்திலேயே எழுதியிருக்கும்.
கடன் கொடுத்தவன் பேர்தான் இருக்காது.

கேஸ் பார்த்தேன், சரி. கரண்ட், சரி.
சட்டென்று தோன்றியது.
கடல்தண்ணி இழுக்கிற வாயைத் திற என்றேன்.
சல்லடை முழுக்கச் சொறி.
சோழகம் கிளம்பினால் வரும்,
எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர
எல்லாருக்கும் தெரியும்.
முழங்கை வரைக்கும் விட்டு அள்ளினேன்.
ஆறிய கஞ்சி மாதிரி,
கண்ணும் எலும்பும் இல்லாமல்,
எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாமல்
பதினோரு வாளி.
அத்தனை பெரிய வீட்டின் மூச்சை
அது ஒன்றுமே செய்யாமல் நிறுத்தியிருந்தது.

மோட்டார் முனகி, இருமி, ஓடியது.
டான்டே என் முதுகில் தட்டினார்.
வெள்ளைச் சட்டை ஒருவர் காகிதம் கொண்டுவந்தார்,
கூடவே கூலி. நான் கேட்டதைப்போல் நாலு மடங்கு.
ஒரு மடங்கு வேலைக்கு,
மூன்று மடங்கு வாய்க்கு என்று வைத்துக்கொண்டேன்.

விடிவதற்குள் போய்விட்டது.
குந்துகால் கரையில்
பாசியோடும் அறுந்த வலைத்துண்டோடும்
லில்லி ஒதுங்கிக் கிடந்தது, எண்ணி முடியாத லில்லி.
எபனேசர் வீட்டு ஆடு
மூன்று தண்டைத் தின்றுவிட்டு
நின்று யோசித்தது.

இதென்ன பூ, எங்கேயிருந்து வந்தது
என்று கேட்டாள் பிரகாசி.

தெரியாது என்றேன்,
முழங்கை வரைக்கும்
சொறிந்துகொண்டே.